கடலை வறுத்த எட்டு நாட்கள்

ரணஜன்னி நோயாளி வந்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் பேர் கேட்பதற்கு முன்னால் நாள் கேட்பார்கள். "அடிபட்டு எத்தனை நாளாச்சு?" டாக்டர் நாடியைப் பிடிப்பதற்கு முன்பே கேட்கிற கேள்வி அது. கேஸ் தாளில் டெட்டனஸ் என்று எழுதுவதற்கு முன்பே, முதல் வரியில் அந்த எண்தான் ஏறும்.

அறுபதுகளின் நடுவில் அங்கே ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். பொன்னேரிப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி. சுற்றிலும் நெல் வயல், மாடு, சாணி, துருப்பிடித்த இரும்பு, செருப்பில்லாத கால். ரணஜன்னிக்கு வேறு என்ன வேண்டும்? மாதம் ஒருவராவது வாய் பூட்டிக்கொண்டு வருவார். சேர்ந்த ஒரு வருஷத்துக்குள் டாக்டர் சொல்லாமலே எனக்கு அந்த விதி பிடிபட்டுவிட்டது. காயம் பட்ட அன்றே அது வராது. மூன்று நாளிலும் வரும், மூன்று வாரத்திலும் வரும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் வரும். சீக்கிரம் வந்தால் ஆளைக் கொண்டுபோகும். தாமதமாக வந்தால் பிழைக்க வழி உண்டு. மூன்று வாரம் தாண்டியும் வரவில்லை என்றால், பெரும்பாலும் தப்பித்தோம் என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்ளலாம். அதனால் நோயாளியின் சொந்தக்காரர் "பத்து நாளாச்சு" என்றால் சிஸ்டர் முகம் கொஞ்சம் தெளியும். "நாலு நாள்" என்றால் இருட்டறைக் கதவைத் திறந்துவிடச் சொல்வார்.

இருட்டறை என்பது வார்டின் கோடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்த அறை. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தொடுவதும் ஆகாது. ஒரு டம்ளர் கீழே விழுந்தால் போதும், கட்டிலில் கிடப்பவர் முதுகு வில்லாக வளைந்து, குதிகாலும் பின்தலையும் மட்டும் படுக்கையில் பட நிற்கும். பல்லும் பல்லும் அரைக்கிற சத்தம் வராந்தா வரை கேட்கும். நினைவு மட்டும் தப்பாது. அதுதான் அந்த நோயின் அயோக்கியத்தனம்.

இனி என் புருஷன். "அவர்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். நல்ல தோள், நல்ல கை. அந்தக் கை ஏழு வருஷமாக என்மேல்தான் விழுந்தது. சோறு குழைந்தால் அடி, விறைத்தால் அடி, ஆஸ்பத்திரி நாற்றம் அடிக்கிறது என்று அடி, குளித்துவிட்டு வந்தால் யாருக்காகக் குளித்தாய் என்று அடி. வயிற்றில் தங்கிய ஒன்று ஐந்தாம் மாதத்தில் அவன் உதையில் போனது. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, நாற்று நடுகிறவள், நல்ல மனசுக்காரிதான். அவளும்கூட, "அடிக்கிற கைதான் அணைக்கும், விட்டுத் தள்ளு" என்பாள். அணைத்ததை நான் பார்க்கவில்லை. ஊருக்குப் பழமொழி சொல்ல முதுகா வலிக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருட்டறையில் ஒரு வண்டிக்காரர் இறந்தார். மாட்டு லாடத்து ஆணி குதிகாலில் ஏறி நாலாம் நாள் வந்தவர். உடம்பைத் துடைத்து ஒப்படைத்துவிட்டு நான் வீடு வருவதற்குள் உச்சி தாண்டிவிட்டது. அடுப்பு மூட்டவில்லை. அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடி, இப்பத்தான் ஊடு கண்ணுக்குத் தெர்தா?"

"ஒருத்தர் செத்துட்டாருய்யா. நான்தான் தொடைக்கணும்."

"எவனோ செத்தா நான் பட்டினி கெடக்கணுமா? வர்றியா, நீயும் சாவுறியா?"

மயிரைப் பிடித்துச் சுருட்டிப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். பக்கத்து மாட்டுக் கொட்டகையில் தடுப்பாக அடித்திருந்த பலகை ஒன்று கழன்று சாணியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டான். முதல் அடி இடுப்பில், இரண்டாவது தோளில். மூன்றாவது முதுகில் விழுந்தபோது அடி மட்டும் இல்லை, வேறு ஏதோ உள்ளே போனது தெரிந்தது. பலகையை அவன் இழுத்தபோது அது உடனே வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் இழுத்தது. அவன் இன்னொரு முறை வெடுக்கென்று இழுத்தான், வந்துவிட்டது. அதைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினான். ஒரு எட்டு வைத்தான். "ஐயோ" என்று அலறினான்.

பலகை ஆணியை மேலே நீட்டிக்கொண்டு விழுந்திருந்தது. என் முதுகில் ஏறிய ஆணி அவன் பாதத்திலும் ஏறியிருந்தது.

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஆணி குத்தினால் ஒரு வைத்தியம் உண்டு. குத்தின இடத்தைக் கட்டையால் தட்டித் தட்டிக் கெட்ட ரத்தத்தை வெளியே எடுப்பார்கள். பிறகு நல்லெண்ணெயைக் காய்ச்சி, அதில் துணியை நனைத்து, சுடச் சுட ஒத்துவார்கள். அவன் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, "செய்டி" என்றான். செய்தேன். தட்ட வேண்டியதைவிட நாலு தட்டு கூடத் தட்டினேன், ஆற வேண்டிய அளவு ஆறாமல் துணியை வைத்தேன். மூட்டை தூக்குகிற அந்த மனுஷன் குழந்தை மாதிரிக் கத்தினான். என் முதுகுக்கு யார் ஒத்துவது? கைக்கு எட்டிய மட்டும் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டுப் புடவையைப் போர்த்திக்கொண்டேன்.

அன்றைக்கே ஊசி போட்டிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாதா? ஊசி எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். மறுநாள் வேலைக்குப் போய், "சிஸ்டர், ஆணி குத்திடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால் சிஸ்டர் முதுகைப் பார்ப்பார். எப்படிக் குத்தியது என்று கேட்பார். பலகை வெளியே வரும். பலகை வந்தால் அவன் காலும் வெளியே வரும். "அவரையும் இட்டுக்கினு வா, ஒரு ஊசி போட்டுடலாம்" என்று சொல்லிவிடுவார், அவர் குணம் அப்படி. அவனுக்கு ஊசி போடக் கூடாது. அதுதான் என் எண்ணம். அதனால் வாயை மூடிக்கொண்டேன். என் காயம் எனக்குக் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. அதனால் அது சின்னக் காயம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

எண்ண ஆரம்பித்தேன். ஞாயிறு கழிந்து திங்கள் ஒன்று.

ரணஜன்னி முதலில் தாடையில்தான் தெரியும். வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மெல்லும்போது இழுத்துப் பிடிக்கும். தினமும் அவன் தாடையைப் பார்க்க எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. கஞ்சியும் கூழும் குடிக்கிறவனுக்குத் தாடை எதற்கு? அதனால் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு கை வேர்க்கடலையை மணலில் போட்டு வறுத்து, தோல் ஊதி, கிண்ணத்தில் வைத்து அவன் முன்னால் நீட்டினேன். எதிரில் உட்கார்ந்துகொண்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இன்னாடி இது, புதுசா?"

"கால் வலிக்குதேன்னு. சும்மா இருக்கறதுக்கு மெல்லு."

மென்றான். நன்றாகவே மென்றான். கன்னத்துச் சதை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமையும் வறுத்தேன். மூன்றாம் நாள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன். கடைவாயில் ஒரு கடலை மாட்டிக்கொண்டு அவன் நாக்கால் துழாவியபோது, வந்துவிட்டது என்றே நினைத்தேன். விரலை விட்டு எடுத்துத் துப்பிவிட்டு, "இன்னிக்கு வறுவல் நல்லாக் கீது" என்றான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் அவன் என்னை இரண்டே முறைதான் அடித்தான். கால் வலியா, கடலையா என்று தெரியாது. நாலாம் நாள் ஆலைக்குப் போய்விட்டான். சாயங்காலம் வந்ததும் அவனாகவே, "கடல எங்கடி?" என்று கேட்டான். பொண்டாட்டிக்குப் புத்தி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அவள் வந்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல? அன்பா நடந்துக்கினா ஆம்பள மாறுவான்" என்றாள். நான் கடலையைப் புடைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

ஐந்து. ஆறு. ஒவ்வொரு நாளும் காலையில் அவன் கொட்டாவி விடும்போது வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்ப்பேன். ஒரு மனுஷன் சாக வேண்டும் என்று அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணை என்ன சொல்வீர்கள்? என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஏழு வருஷத்தில் அந்த வாரம்தான் நான் ஆசையோடு காலையில் எழுந்தேன்.

ஏழாம் நாள் என் கழுத்து திரும்பவில்லை. மயிரைப் பிடித்து இழுத்தானே, அந்தச் சுளுக்கு என்று நினைத்தேன். சுளுக்கு எனக்குப் புதிதா? எட்டாம் நாள் திங்கட்கிழமை, சாயங்காலம் கடலையை வறுத்து இறக்கி, பதம் சரியா என்று பார்க்க ஒன்றை எடுத்து வாயில் போடப் போனேன். போகவில்லை. கடலை பல்லில் இடித்துக் கீழே விழுந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் விழுந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது.

வார்டில் எத்தனை பேர் வாயில் டாக்டர் அந்த மாதிரி விரல் வைத்துப் பார்த்ததைப் பார்த்திருக்கிறேன். அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன் வாய் தெரியவில்லையே.

அவன் வந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். இரண்டு கடலை மென்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். அந்த நோயில் முகத்துச் சதை இழுத்துக்கொண்டு, உதடு இரண்டு பக்கமும் விரிந்து, சிரிக்கிற மாதிரி ஆகிவிடும்.

"இன்னாத்துக்குடி சிரிக்கற?"

பதில் சொல்ல வாய் திறக்கவில்லை.

"என்னப் பாத்தா சிரிப்பா வர்தா உனக்கு?"

ஓங்கி அறைந்தான். அந்த அறை கன்னத்தோடு நிற்கவில்லை. கழுத்து, முதுகு, தொடை, பாதம் வரை ஒரே இழுப்பாக இழுத்து என்னைத் தரையிலிருந்து தூக்கியது. தலையும் குதிகாலும் மட்டும் தரையில் இருந்தன. என் முதுகெலும்பு நறுக்கென்று சத்தம் போட்டதை நானே கேட்டேன். நாக்கில் பல் இறங்கி வாய் நிறைய ரத்தம். துப்பக்கூட வழியில்லை, பல்லிடுக்கில் ஒழுகியது. அவன் கிண்ணத்தைப் போட்டுவிட்டு, "பேய் பிடிச்சிக்கிச்சி, பேய்" என்று தெருவுக்கு ஓடினான். கிண்ணம் விழுந்த சத்தத்துக்கு என் உடம்பு மறுபடி வளைந்தது.

பக்கத்து வீட்டு அக்காதான் மாட்டு வண்டி பிடித்து வந்தாள். பாதை நெடுகப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உடம்பு இழுத்தது. அவனும் வண்டியில் வந்தான். ஊர் பார்க்கிறதே.

டாக்டர் வந்தார். நான் எதிர்பார்த்த அதே கேள்வி. இந்த முறை என் தலைமாட்டில் நின்று, அவனைப் பார்த்துக் கேட்டார்.

"அடிபட்டு எத்தனை நாளாச்சு?"

"அடியா? அடி ஒன்னும் இல்லியே சார்."

சிஸ்டர் என்னைப் பக்கவாட்டில் மெதுவாகப் புரட்டி, ரவிக்கையைக் கத்தரித்துத் திறந்தார். பழையது, புதியது, பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று என் முதுகில் ஏழு வருஷம் இருந்தது. சிஸ்டர் அவன் பக்கம் திரும்பினார். "இதுல எது?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தினால் எனக்கு இழுக்கும்.

அவன் விழித்தான். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. எந்த அடி என்று எப்படிச் சொல்வான்? தினமும் சாப்பிட்டவனிடம், எந்தச் சோறு என்று கேட்டால்?

டாக்டர் பொறுமை இழந்து மறுபடி கேட்டார். நான் கண்ணைத் திறந்தேன். வலது கையில் ஐந்து விரலையும் இடது கையில் மூன்று விரலையும் தூக்கினேன்.

"எட்டா? உறுதியாத் தெரியுமா?"

கண்ணை மூடித் திறந்தேன். என்னைவிட உறுதியாக அந்த எண் யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு நாளையும் நான் கடலையோடு வறுத்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கையில் ஒரு அசைவு பாக்கி இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் கால் இருந்தது. அதைக் காட்டியிருந்தால் சிஸ்டர் குனிந்து பார்த்திருப்பார், பாதத்தைத் திருப்பியிருப்பார், ஆணித் தழும்பைக் கண்டுபிடித்து அங்கேயே ஊசி போட்டிருப்பார். காட்டவில்லை. கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அதற்காக வருத்தமே பட்டதில்லை என்றால் பொய். வருத்தப்பட்டேன் என்றால் அது அதைவிடப் பெரிய பொய்.

முதுகுக் காயத்தை அறுத்துத் திறந்தார்கள். மேலே ஆறி மூடியிருந்தது. உள்ளே நகம் அளவு மரச்சிராய் ஒன்று சீழில் கிடந்தது. பிறகு இருட்டறை. நான் எத்தனையோ பேருக்குப் போர்வை மாற்றிய அதே கட்டில். அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ரயில் கூவும்போதெல்லாம் உடம்பு முறிந்தது. கூடூர் பக்கம் போகிற வண்டி, அங்கிருந்து வருகிற வண்டி, கூட்ஸ் என்று ஒவ்வொன்றையும் நான் முதுகால் அறிந்தேன். கடைவாய்ப் பல் இரண்டு உடைந்தது.

நான் இருட்டறைக்குப் போன மூன்றாம் நாள் அவன் குடித்துவிட்டு வந்து கதவுக்கு வெளியே நின்று கத்தினான். "ஏய், எழுந்து வாடி! எத்தினி நாளிக்கு நடிப்ப? ஊட்ல எவ சோறாக்கறது?"

அவன் கை என்மேல் படவே இல்லை. குரல் மட்டும்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் ஒரு முறை வளைந்தேன். மூச்சு நின்றுபோய் முகம் நீலமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். வெளியே என்ன நடந்தது என்பதும் என்னோடு வேலை பார்த்த இன்னொரு ஆயா பிறகு சொன்னதுதான். அவளும் வார்டு ஆளும் அவன் வாயைத் துணியால் பொத்தி, வராந்தாவில் கீழே தள்ளி, துடைப்பக் கட்டையின் மறுபக்கத்தால் அடித்திருக்கிறார்கள். எனக்கு இழுக்கக் கூடாது என்பதற்காகச் சத்தமே வராமல், முதுகிலும் தொடையிலும் பார்த்துப் பார்த்து அடித்தார்களாம். சிஸ்டர் வாசலில் நின்று ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாராம். அந்த அடி எனக்குக் கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் குறைதான்.

இருட்டில் படுத்துக்கொண்டு நான் எண்ணுவதை விடவில்லை. பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. வாய் கொஞ்சம் இளகியதும் அந்த ஆயாவிடம் முதலில் கேட்டது, "அவன் நல்லா நடக்கறானா? நல்லா மெல்றானா?" என்றுதான்.

"இந்த நெலமைலயும் புருஷன் நெனப்பு பாரு" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபத்தொன்றும் கடந்தது. அவனுக்கு ஒன்றும் வரவில்லை. ஒருவேளை அவன் காலை நான் தட்டித் தட்டி ரத்தத்தை ஓடவிட்டதுதான் காப்பாற்றியதோ என்னவோ. வஞ்சம் தீர்க்கத் தட்டிய தட்டு வைத்தியமாகப் போயிருந்தால், என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு மாதம் கழித்து என்னை வராந்தாவில் உட்காரவைத்தார்கள். தடி ஊன்றினால் பத்து எட்டு நடப்பேன். பகல் பதினோரு மணி இருக்கும். அவன் வந்தான். குடிக்கவில்லை, தலை வாரியிருந்தான். கையில் ஒரு பொட்டலம். பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தான். வறுத்த வேர்க்கடலை.

"ரயிலடில வாங்கினேன். உன் வறுவல் மாரி இல்ல" என்று சொல்லிவிட்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். "அந்த ஒரு வாரம் நல்லா இருந்தம்ல? தெனம் வறுத்துக் குடுத்து எதுர்லயே குந்திக்கினு பாத்துக்கினு இருப்பியே. ஊட்டுக்கு வா. அந்த மாரியே இருந்துக்கலாம்."

அவன் நிஜமாகத்தான் சொன்னான். அந்த வாரத்தை அவன் சந்தோஷம் என்று நினைத்து வைத்திருந்தான்.

"எதுக்கு வறுத்தேன் தெரியுமா?" என்றேன். பேச்சு இன்னும் குழறியது, அதனால் மெதுவாகச் சொன்னேன். "உன் காலுல ஏறிச்சே ஆணி, அதுதான் என் முதுகுலயும் ஏறிச்சு. இந்த நோவு உனக்கும் வந்துர்க்கணும். மொதல்ல தாடைலதான் தெரியும். எப்ப உன் வாய் பூட்டிக்குதுன்னு பாக்கத்தான் தெனம் கடல வறுத்தேன். இருவத்தோரு நாள் எண்ணினேன்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

கை உயர்ந்தது. தோள் உயரத்துக்கு வந்து அங்கேயே நின்றது. நான் முகத்தைத் திருப்பவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவன் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கம். அவன் அந்தக் கையை இறக்கித் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வாயைத் திறந்து மூடினான். மறுபடி திறந்தான். பாதி மென்ற கடலையை உள்ளங்கையில் துப்பி, அதையே பார்த்தான். பிறகு எழுந்து போனான். பொட்டலத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு அவன் என்னைத் தேடி வரவில்லை. நான் இன்னொரு ஆயாவோடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கிக்கொண்டு அதே வேலையைப் பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்து, இரும்பு கிழித்த கையும் காலுமாக ஆட்கள் வரத் தொடங்கியபோது, "எத்தனை நாளாச்சு?" என்று டாக்டருக்கு முன்னால் நானே கேட்டுவிடுவேன். அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், ஷிப்டு முதற்கொண்டு. பெண்கள் வந்தால், கூட வந்த புருஷனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன்.

அன்றைக்கு அந்தப் பொட்டலத்தை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. ஒவ்வொன்றாக எடுத்து, வலது பக்கத்து நல்ல பல்லால், முழுவதையும் தின்றேன். முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.